மாலை 4.10க்குப் பிறகு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி நன்றாக விளையாடியது. அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

இந்தப் பருவத்தில் நம் கணக்கு டீச்சரை இழந்தோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சைதாப்பேட்டையில் நம் தெருக்களில் கணக்கு டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். உங்களில் சிலருக்கே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, தம் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றும், பள்ளியில் தங்கியிருந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தார். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, ஓய்வு பெற்றிருந்தவர் தன்னார்வலராகச் சேர்ந்தார். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வகுப்பறையைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கழித்தலில் கடன் வாங்குவதே மறந்து போயிருந்தது. புளியங்கொட்டைகளைப் பாயில் பரப்பி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவர் செய்துவந்த இன்னொரு வேலையின் அளவு, அவர் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தினமும் மாலையில் வாசல் வேப்பமரத்தடிக் கல்பெஞ்சில் வந்து உட்காருவார். கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் வீட்டார் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு, 5.25, தாத்தா வந்தார். ஒன்றாம் வகுப்பு, 5.50, அம்மாவுக்குக் கூடுதல் வேலை, பிஸ்கட் கொடுத்தேன். பக்கம் பக்கமாக இப்படித்தான். யாரைப் பற்றியும் ஒரு குறை இல்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். அண்ணா சாலையில் மேம்பால வேலை நடக்கிறது. மழை பிடித்தால் பஸ் நகருவதில்லை. நினைத்த நேரத்தில் எழுந்து வர எல்லா முதலாளிகளும் விடுவதில்லை. என்றாவது ஒரு நாள் தாமதமாவதைப் பற்றி நான் எழுதவில்லை.

ஆனால் சென்ற வாரம் ஒரு நாள் ஐந்து மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். ஆறு மணிக்கு ஒரு சிறுமி மட்டும் மிஞ்சினாள். அம்மா எப்போது வருவார் என்று அவள் கேட்கவில்லை. டீச்சர் எப்போது வருவார் என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன். இது ஏற்க முடியாதது. பள்ளி 4.10க்கு முடிகிறது, 4.30க்குள் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். காவலாளிக்கு வாசலைப் பார்க்கும் வேலை இருக்கிறது. உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்மேல் போடாதீர்கள். தாமதமானால் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வேறு யாராவது வருவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தெரியாத முகத்தோடு எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டோம். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தாமதமானால் உங்களை நேரில் அழைத்துப் பேசுவேன். அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை, ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்து வந்தவர்களுக்கும், முறைவைத்துத் தெருப் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்து அழைத்துப் போக முன்வந்திருக்கும் நான்கு தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. இவர்களோடு சேர விரும்புகிறவர்கள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் என்னிடம் சொல்லுங்கள். டீச்சரின் நோட்டு என் மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்