சுவரில் எழுதிய கணக்கு

அன்புள்ள ஜெனி,

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "அம்மா, ஆபரேஷன் நடுவில் புகை வந்து ஸ்கிரீனே தெரியாமல் போனால் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று. அடுப்பில் பால் இருந்தது, "கொஞ்சம் காத்திருப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆபரேஷன் வீடியோவில் கருவிகளைக் கம்ப்யூட்டர் தொலைக்காமல் பின்தொடர நீ எழுதுகிற புரோகிராமுக்காகத்தான் கேட்டாய். அப்புறம் ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது. 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இவ்வளவும் தட்ட விரலுக்குப் பொறுமை கிடையாது, அதனால் கடிதம்.

துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்கிற பித்தப்பை ஆபரேஷனில், சதையைச் சுட்டு அறுக்கிற காட்டரியின் பெடலை மிதித்ததும் அதன் ஹூக் நுனியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். ஈரலும் பித்தப்பையும் சேர்ந்து மார்கழி விடியற்காலை மாதிரி வெளுத்துவிடும். சர்ஜன் கையை அசைக்க மாட்டார். நாங்கள் ட்ரோகாரில், அதாவது கருவிகளை வயிற்றுக்குள் விடுகிற குழாயில், இருக்கிற திருகை லேசாகத் திறந்துவிடுவோம், புகை வெளியே போகும். அதிகம் திறந்தால் வயிற்றுக்குள் ஏற்றியிருக்கிற கார்பன் டை ஆக்சைடும் கூடவே போய், வயிறு அமுங்கி, பார்க்க இடமே இல்லாமல் போய்விடும். லென்ஸில் ரத்தம் தெறித்தால் அது வேறு வேலை. கேமரா பொருத்திய ஸ்கோப்பை வெளியே உருவி, ஃபிளாஸ்கில் வைத்திருக்கும் சூடான சலைனில் முக்கி, பீட்டாடின் தொட்ட காஸ் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட வேண்டும். லென்ஸ் சில்லென்று இருந்தால் உடம்புச் சூட்டில் மூக்குக்கண்ணாடி மாதிரி ஆவி படிந்துவிடும், அதற்குத்தான் சூடு. இந்த அரை நிமிஷமும் உள்ளே இருக்கும் கருவிகளை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் பித்தப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கிராஸ்பர் அங்கேயேதான் இருக்கிறது என்று தியேட்டரில் தரை துடைக்கிற அக்காவுக்குக்கூடத் தெரியும். உன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியாது.

நீ அனுப்பின, கோலெக்ட்ராக்20 என்கிற வீடியோத் தொகுப்பைப் பற்றிய கட்டுரையை அகராதியும் கையுமாகப் படித்தேன். பித்தப்பை ஆபரேஷன் வீடியோ 20. அதில் 35 ஆயிரத்துக்கும் மேலே படங்கள், ஏறக்குறைய 65 ஆயிரம் இடத்தில் கருவிக்குக் கட்டம் போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். புகை, ரத்தம், பளபளப்பு, மங்கல், ஒன்றை ஒன்று மறைப்பது என்று ஒவ்வொரு தொல்லையையும் தனியாகக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். இத்தனை செய்தும், கட்டுரை எழுதியபோது இருந்த, கருவியைப் பின்தொடரும் முறைகளை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 45 மார்க்கூடத் தேறவில்லையாம். எங்கள் நர்சிங் பரீட்சையாக இருந்தால் அரியர்தான்.

அதில் நான் இரண்டு தடவை திரும்பிப் படித்த இடம், அந்த மூன்று விதக் கணக்கு. கேமராவில் தெரிகிற வரைக்கும் ஒரு எண், மறைந்து திரும்பி வந்தால் புது எண். இது முதல் கணக்கு. உடம்புக்குள் இருக்கிற வரை அதே எண் என்பது இரண்டாவது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே விட்டாலும், ஆபரேஷன் முடிகிற வரை அதே எண் என்பது மூன்றாவது. முதல் கணக்கு என்ன கணக்கு என்றே எனக்கு விளங்கவில்லை, ஜெனி. கண்ணில் படாதபோது ஒரு கருவி இல்லாமல் போய்விடுமா? இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்துத்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். திறந்து செய்வது. ரத்தம் ஒற்றுகிற துணியை மாப் என்போம், அதை ஐந்து ஐந்தாகக் கட்டி டிரம்மில் வைத்து ஸ்டெரிலைஸ் செய்து வரும். மூன்று கட்டு பிரித்தேன், சுவர்ப் பலகையில் 5+5+5 என்று எழுதினார்கள். மூடுகிற நேரம் எண்ணினால் 14. மறுபடி எண்ணினேன், 14. சர்ஜன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் குத்துகிறது. "மூடலாமா ஸ்டாஃப்?" என்றார். "வேண்டாம் டாக்டர்" என்றேன். எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்த மாப் அன்றைக்கு எங்களிடம் கிடையாது, கையை விட்டுத்தான் தேட வேண்டும். குடலை ஒதுக்கி ஒதுக்கி அரை மணி நேரம் தேடினார். பக்கெட்டைக் கவிழ்த்தோம், துணியை உதறினோம். கடைசியில் அதே டிரம்மில் மிச்சமிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஆறு! ஒரு கட்டில் நான்கு, ஒரு கட்டில் ஆறு. மாப் தொலையவே இல்லை. நான் பிரிக்கும்போது ஒவ்வொன்றாக விரித்து எண்ணாமல், கட்டை நம்பி ஐந்து என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அரை மணி நேரம் கூடுதலாக மயக்கத்தில் கிடந்தாள். அதற்கப்புறம் நான் நின்ற தியேட்டரில் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணாமல் பலகையில் எதுவும் ஏறியது கிடையாது.

அதனால்தான் கேட்கிறேன்: உன் வீடியோவில் முதல் படத்தில் கட்டம் போடுகிறது யார்? அதை இன்னொருவர் பார்க்கிறார்களா? அங்கே நான்கை ஐந்து என்று எழுதிவிட்டால், அப்புறம் எந்தப் பெரிய கம்ப்யூட்டர் வந்து தேடினாலும் இல்லாததைத்தான் தேடும்.

ரோபோவில் இந்தப் பாடெல்லாம் இருக்காது, தன் கை எங்கே இருக்கிறது என்று மிஷினுக்கே தெரியுமே என்றுதான் நினைத்திருந்தேன். நீ சொன்ன பிறகுதான் புரிந்தது. டாவின்சி என்கிற ஆபரேஷன் ரோபோவில் மோட்டார் இருப்பது வெளியே, கருவியின் பின்பக்கம். 8 மில்லிமீட்டர் குழாய்க்குள் மெல்லிய கம்பிகள் ஓடி நுனியை வளைக்கின்றன. கம்பி இழுபடும், நீண்ட கையில் ஒவ்வொரு மூட்டும் துளித்துளி தவறும். மிஷின் தன் கணக்கில் வைத்திருக்கும் இடமும் கேமராவில் தெரிகிற இடமும் சில மில்லிமீட்டர் விலகிப் போகும். பித்தநாளத்தின் அகலமே சில மில்லிமீட்டர்தானே! கிணற்று வாளி மாதிரிதான். கயிறு எத்தனை முழம் இறங்கியது என்று கை சொல்லும், வாளி எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ரிட்டையர் ஆகும் முன் ஒரு நாள் ரோபோ தியேட்டரில் ஓரமாக நின்று பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது அந்த மூன்றாவது கைதான். ஏதோ ஒன்றை விலக்கிப் பிடிக்க வைத்துவிட்டு, சர்ஜன் கேமராவை வேறு பக்கம் கொண்டுபோய்விடுகிறார். அந்தக் கை இருட்டில் தனியாக நிற்கிறது. அந்த மாதிரி மிஷினில் கைக்குத் தொடு உணர்வும் கிடையாது. அழுத்தத்தை உணர்த்தும் கருவிகள் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய டாவின்சி 5-இல்தான் வந்தன என்று நீதான் சொன்னாய். இதற்கு நடுவில், அந்தக் கருவிகளில் இருக்கும் சில்லு எத்தனை தடவை பயன்படுத்தினோம் என்று எண்ணி, கணக்கு முடிந்தால் வேலை செய்ய மறுத்துவிடுமாம். கம்பெனிக்காரன் தன் எண்ணிக்கையில் ரொம்பச் சரியாக இருக்கிறான்!

ஒரே மாதிரி இரண்டு கிராஸ்பர் வந்தால் குழம்புகிறது என்றாயே, எங்களுக்கு அது குழம்பினதே இல்லை. நாங்கள் நுனியைப் பார்ப்பதில்லை, தண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஓரத்து ட்ரோகாரிலிருந்து வந்தால் அது அசிஸ்டெண்ட் கை. அதை விட்டால் சர்ஜனின் இடது கை. கட்டுரையிலும் யார் கை என்று குறித்திருப்பதைப் பார்த்தேன். அந்த வழியிலேயே போ.

இன்னொன்று. புகைக்குள் கருவி தொலைந்தால், உன் புரோகிராம் தன் இஷ்டத்துக்கு ஒரு இடத்தைக் காட்டி, நம்பிக்கையாகக் கட்டம் போட வேண்டாம். "உள்ளே இருக்கிறது, எங்கே என்று இப்போது தெரியவில்லை" என்று சொல்லட்டும். சர்ஜன் நின்றுகொள்வார். எங்கள் பலகையிலும் அப்படித்தான், கணக்கு இடித்தால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுவோம், அழிக்க மாட்டோம்.

நீ இருக்கிற அதே ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த ஒரு 68 வயது அம்மாவுக்கு, 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ழாக் மரெஸ்கோ ரோபோவால் பித்தப்பையை எடுத்தார் என்று பேப்பரில் படித்துவிட்டு, எங்கள் தியேட்டரில் ஒரு வாரம் அதே பேச்சு. "அப்போ நம்மை எங்கிருந்து திட்டுவார்?" என்று கேட்டாள் என் கூட நின்ற மேரி சிஸ்டர்.

அப்புறம், நீ அனுப்பின அந்தச் சின்ன வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 1 நிமிஷம் 40 நொடியில் புகை வருகிறது. அதற்கு முன்னால் 2 என்று இருந்த கிராஸ்பர், புகை விலகினதும் 5 என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான், இடது பக்கத் தண்டு. 3 நிமிஷம் 5 நொடியிலும் ஒரு தடவை பார், கிளிப் அப்ளையர் மேலே விளக்கு பட்டு மின்னுகிற இடம். அங்கே எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா