ரேகை இல்லாத களை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் மாவட்டப் பக்கத்தில், முதியோர் உதவித்தொகை பற்றிய செய்திக்கு 'போலிப் பயனாளிகள் களையெடுப்பு' என்று தலைப்பு கொடுத்திருந்தீர்கள். செய்தி கையகலம்தான். இத்தனை பேரை நீக்கினோம், இவ்வளவு பணம் மிச்சம் என்று அதிகாரி சொன்னது அவ்வளவே. நீக்கப்பட்டவர்களில் ஒருவரிடமாவது நிருபர் பேசியிருக்கிறாரா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. களையிடம் யார் பேட்டி எடுப்பார்கள்?

அந்தக் களைகளில் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் பெரியம்மா. வயது 74. பெரியப்பா போய் இருபது வருஷமாகிறது, பிள்ளை கிடையாது. எங்களோடு வந்து சாப்பிடுங்கள் என்றால் கேட்பதில்லை, தனியாகத்தான் பொங்கிக்கொள்கிறார். அதற்கு அவருக்கு இருந்த தெம்பு மாதம் 1200 ரூபாய். 2023 ஆகஸ்டுக்கு முன்னால் அது 1000. இந்தப் பணத்தில், 80 வயதாகாதவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இல் 200, இன்றும் அதே 200. அதற்கு நீங்கள் தலைப்பு போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பணம் நின்ற கதையைக் கேளுங்கள். ஊருக்குள் மிஷினோடு வந்து பணம் கொடுக்கும் பெண் நல்ல பிள்ளை. பெரியம்மாவின் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தாள், விழவில்லை. துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்து வைத்தாள், அப்போதும் விழவில்லை. பத்து விரலும் ஆயிற்று. "உங்களுக்கு ரேகையே இல்லையே பாட்டி" என்றாள். எப்படி இருக்கும்? நாற்பது வருஷம் பீடி சுற்றிய கை அது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை விரல் நுனியால் மடக்கி மடக்கி நாளைக்கு ஆயிரம் பீடி. அவருடைய ஆள்காட்டி விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். சின்ன வயதில் அதை என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சரி, கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்றால் கண்ணில் புரை. அந்தப் புரைக்கு ஆபரேஷன் செய்யத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போன வாரம்தான் கள ஆய்வுக்கு ஆள் வந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து 'முகவரியில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீடு என் வீடு. என் மனைவி வாசலில்தான் இருந்திருக்கிறாள்.

ஏழு மாதம், 8400 ரூபாய். விஏஓ தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஆதாரைப் புதுப்பித்து வா என்றார்கள். ஆதார் மையத்தில், புதுப்பிக்க ரேகை விழ வேண்டுமே என்றார்கள். திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அதே விஏஓவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவரே சிரித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் போக வர ஆட்டோ 400 ரூபாய். ரேகை விழாததைக் காரணம் காட்டி உதவியை மறுக்க மாட்டோம் என்று அரசு ஆதார் வழக்கில் உறுதி கொடுத்ததும், 2018இல் தீர்ப்பு வந்ததும் எனக்கே தெரிகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

மோசடியே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2020இல் பிஎம் கிசான் விவகாரத்தில் என்ன நடந்தது? விவசாயிகளுக்கு மத்திய அரசு வருஷத்துக்கு 6000 ரூபாய் தரும் திட்டம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று ஆரம்பித்துத் தமிழ்நாடு முழுக்க ஐந்தரை லட்சம் பேர் தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டார்கள், 110 கோடி போயிற்று என்று அரசே சொன்னது. குழி நிலம் இல்லாதவர்களெல்லாம் விவசாயி ஆனார்கள். அலுவலகத்து பாஸ்வேர்டு கைமாறி, தரகர்களும் கம்ப்யூட்டர் சென்டர்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. சிபிசிஐடி வந்து சிலரைக் கைது செய்ததை நீங்களும் எழுதினீர்கள். ஆனால் கொரோனா பணம் வருகிறது என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஜனங்களின் கணக்கிலிருந்துதானே பணத்தைத் திருப்பி எடுத்தார்கள்? பாஸ்வேர்டு அவர்களிடமா இருந்தது?

பெரியம்மாவும் வாழ்க்கையில் மோசடியைப் பார்த்தவர்தான். ஆயிரம் பீடிக்கு என்று எடை போடும் இலை ஆயிரத்துக்குக் காணாது. மீதிக்குச் சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்ற வேண்டும். கொண்டுபோனால் சரியில்லை என்று ஒரு கை கழித்துவிடுவார்கள். வேலைக்குப் பதிவான பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம் வேறொருத்தி பெயரில், அதனால் பி.எஃப். என்று ஒரு பைசா கிடையாது. அதைக் கண்டுபிடிக்க எந்த மிஷினும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

என் தங்கை கதை தனி. ஒரே கரன்ட் மீட்டரில் மூன்று குடித்தனம், ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டிவிட்டதாம். மகளிர் உரிமைத் தொகை மனு தள்ளுபடி. கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்து வாங்குவதற்குள் அவளுக்கு ஆசையே போய்விட்டது.

முதல் கடிதமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தெருக்குழாய் பற்றி எழுதினேன். குழாய் போட்டதற்கு நன்றி சொன்ன முதல் பத்தியை மட்டும் பிரசுரித்து, தண்ணீர் வரவில்லை என்ற மீதியை வெட்டிவிட்டீர்கள். பஞ்சாயத்துத் தலைவர் எனக்குச் சால்வை போடாத குறை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படிப் பெயர் நீக்கிய செய்தி போடும்போது, ரேகை விழாதவர்களும் ஆய்வன்று வீட்டில் இல்லாமல் போனவர்களும் யாரிடம், என்ன தாளோடு போக வேண்டும் என்று அதிகாரியிடமே கேட்டுக் கீழே நாலு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். பீடி சுற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மாவுக்கு எழுத்து தெரிகிறது, பேப்பர் கேட்கிறார்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
தென்காசி மாவட்டம்.