அந்தக் காலம் அமைதியானதா?

ஆசிரியருக்கு,

கொலைச் செய்தி வரும்போதெல்லாம் ‘அந்தக் காலத்தில் மனிதர்கள் இப்படியா இருந்தார்கள்?’ என்று அங்கலாய்க்கிறோம். இதைவிட மோசமாகவே இருந்தார்கள். இங்கிலாந்தின் 13, 14ஆம் நூற்றாண்டு மரண விசாரணைப் பதிவுகளை வைத்து வரலாற்றாய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 20 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இன்று அங்கே அது 1 அளவில்தான். குடித்த இடத்தில் வாய்த்தகராறு, சூதாட்டச் சண்டை, பொறுக்க முடியாத ஒரு சொல். இடுப்பில் எப்போதும் கத்தி. அப்புறம் என்ன நடக்கும்?

காயம் சீழ்பிடித்தும் பலர் செத்தார்கள், சரி. ஆனால் நவீன மருத்துவம் வருவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டுக்குள், கொலைகள் பெரும்பகுதி குறைந்துவிட்டன. பழிவாங்கும் வேலையை அரசும் நீதிமன்றமும் எடுத்துக்கொண்டன. கோபத்தை அடக்குவது மெல்ல மெல்லப் பழக்கமானது என்பது சமூகவியலாளர் நார்பர்ட் எலியாஸின் விளக்கம். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது.

1960களுக்குப் பிறகு பல மேற்கத்திய நாடுகளில் வன்முறை மறுபடி ஏறி, 1990களில்தான் இறங்கியது. அந்த அடக்கம் தானாக நிலைக்காது. கடும் தண்டனை கேட்கும் கட்டுரைகளோடு, பிள்ளைகளுக்குக் கோபத்தைக் கையாளக் கற்றுத்தருவது பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர்