கலாவுக்கு, ஆக்டிவா சக்கரம் கழட்டுற விஷயமா

அன்புள்ள கலா,

எப்படிடி இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேட்டதும்தான் எனக்கு நிம்மதியாச்சு. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாத, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, அவங்க வேணாம் வேணாம்னுதான் சொல்வாங்க நீ கேக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில ட்ரெயினியா வேலை கிடைச்சிருக்கு, நம்ம படிச்ச அதே மெக்கானிக்கல்தான், முதல் நாள் போயிட்டு வந்து லேத் மெஷின் பத்தி அவ பேசினப்ப நம்ம பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பே கண்ணு முன்னாடி வந்துடுச்சு, நீயும் நானும் நீல கோட்டு போட்டுக்கிட்டு ஃபைலிங் பண்ணிப் பண்ணி கை காப்பு காச்சுப் போன நாளெல்லாம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஆக்டிவாவோட ரெண்டு சக்கரத்தையும் வீட்டுலயே கழட்டி, சக்கரத்தை மட்டும் கடைக்குக் கொண்டு போய் டயர் மாத்திக்கப் போறேன்னு சொன்னியே, தாராளமா பண்ணு. கடை அவ்வளவு தூரத்துல இருக்கு, வண்டியும் மாசக்கணக்கா நிக்குது, தேய்ஞ்ச டயரோட ஓட்டிட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா யூட்யூப்ல பாத்தேன் செங்கல்ல தூக்கி வச்சா போதும்னு சொன்ன பாரு, அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல, அதான் போன்ல சொல்லாம உக்காந்து டைப் பண்றேன், போன்ல சொன்னா பாதிலயே வேற பேச்சுக்குப் போயிடுவோம்.

செங்கல் வேணாம் கலா, ஹாலோ பிளாக்கும் வேணவே வேணாம். நடுவுல பாரம் விழுந்தா சொல்லாம கொள்ளாம உடையும். மரம் அப்படி இல்ல, அமுங்கும், சத்தம் போடும், நமக்குக் கை எடுக்க நேரம் குடுக்கும். பழைய கதவு நிலைக்கட்டை, உத்திரக் கட்டை, எது கிடைச்சாலும் சரி. உன் வண்டி ஆக்டிவா 5ஜி மாடல், வெயிட் 109 கிலோ. கை விரல் மேல விழுந்தா 109ல பாதி போதும். எங்க தெருவுலயே ஒருத்தர் வெறும் சைடு ஸ்டாண்டுல நிறுத்தி கீழ ஒரு கல்லை முட்டுக் குடுத்து நட்டைத் திருகுனாரு, வண்டி சாஞ்சு விரலு நசுங்கி, இன்னிக்கும் அவருக்கு அந்த விரல் மடங்காது.

ஆக்டிவாவை சென்டர் ஸ்டாண்டுல போட்டா பின் சக்கரம் தூக்கி நிக்கும், முன் சக்கரம் தரையில இருக்கும், அது உனக்கே தெரியும். எல்லாரும் கவனிக்காத விஷயம் என்னன்னா அந்த ஸ்டாண்டு சேஸில, அதாவது வண்டியோட இரும்புச் சட்டத்துல இல்ல, இஞ்சினோட அடியில மாட்டியிருக்கு. இஞ்சினும் பாடியும் ஷாக் அப்சார்பர் வழியா ஆடுற மாதிரிதான் சேந்திருக்கு. அதனால ஸ்டாண்டு கெட்டியா நின்னாலும் மேல பாடி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஸ்டாண்டு போட்டாச்சுன்னு நம்பி பலமா இழுத்தா அந்த ஆட்டமே வண்டியைக் கிளப்பி விட்டுடும். இன்னொண்ணு, நம்ம தினமும் ஸ்டாண்டை எப்படி எடுக்குறோம்? வண்டியை முன்னாடி தள்ளுறோம், ஸ்டாண்டு பின்னாடி மடங்குது. அப்போ நீ நட்டைத் திருகும்போது வண்டியை முன்பக்கமா இழுத்தின்னா அதே வேலையைத்தான் பண்ற. ஸ்பேனரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி இந்த வண்டி விழுந்தா எந்தப் பக்கம் விழும்னு நின்னு பாரு, அந்தப் பக்கத்தை முதல்ல அடைச்சுடு. எனக்கு உன்கிட்ட சொல்ல வேண்டியது முக்கியமா இதுதான், மத்தது எல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

போர்ட்டிகோல பண்ணாத. மழைத்தண்ணி ஓடுறதுக்கு கேட் பக்கமா சரிவு வச்சுத்தான் போடுவாங்க, கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோலிகுண்டை வச்சுப் பாரு உருண்டு போகும். உள்ள சமமான சிமெண்ட் தரை இருந்தா நல்லது, வழவழ டைல்ஸா இருந்தா கீழ ரப்பர் மேட் போட்டுக்கோ, மண்ணு தரைனா ஸ்டாண்டு கால் புதையும், கண்டிப்பா பலகை வேணும். ஸ்டாண்டையும் ஒரு தடவை குனிஞ்சு பாரு, ஸ்பிரிங் தளர்ந்திருக்கா, ஸ்டாண்டை மாட்டியிருக்கிற பின்னு துருப்பிடிச்சு ஆடுதா, ஒரு கால் தேய்ஞ்சு குட்டையா இருக்கான்னு. அப்படி இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணிட்டுத்தான் மத்த வேலை.

ஒவ்வொரு சக்கரமா கழட்டு. பின்னாடி முதல்ல, டயர் மாத்தி மாட்டினதுக்கு அப்புறம்தான் முன்னாடி. ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டிட்டு வண்டியை அந்தரத்துல நிறுத்துற வேலை வேணாம்.

பின் சக்கரத்துக்கு வலது பக்கம் சைலன்சரைக் கழட்டியே ஆகணும், அதுக்குப் பின்னாலதான் பெரிய நட்டு. முந்தின நாள் ராத்திரியே சைலன்சர் நட்டுல எல்லாம் துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு வச்சுடு, இல்லன்னா இஞ்சின் பக்கம் இருக்கிற ஸ்டட், அதான் நட்டு ஏறுற மரைக்கம்பி, முறிஞ்சுடும், அது தனி தலைவலி. வண்டி நல்லா ஆறியிருக்கணும். சைலன்சர் வந்ததும் வண்டியை ஸ்டாண்டுல இருந்து இறக்கிடு, ஆமா இறக்கணும், அந்தப் பெரிய நட்டை ரெண்டு சக்கரமும் தரையில இருக்கும்போதுதான் லூஸ் பண்ணணும், தூக்கி வச்சுட்டு அதோட மல்லுக்கட்டக் கூடாது. தம்பியை சீட்டுல உக்கார வச்சு பிரேக்கைப் பிடிச்சுக்கச் சொல்லு, இடது லீவர்ல இருக்கிற பிரேக் லாக்கையும் போட்டுடு. ஸ்பேனர் பிடி வண்டியோட பின்பக்கம் நீட்டிட்டு இருக்கிற மாதிரி மாட்டி, கீழ் நோக்கி அமுக்கு. லூஸ் ஆகுற திசையும் அதுதான், உன் பலம் முழுக்க தரைக்குத்தான் போகும், வண்டியை முன்னாடி தள்ளாது. பிடி கீழ தொங்குற மாதிரி மாட்டினா லூஸ் பண்ணும்போது முன்னாடி இழுக்கும், அப்படி வேணாம். ஒரு சுத்து லூஸ் ஆனா போதும், அதோட நிறுத்திடு.

இப்போ திரும்ப சென்டர் ஸ்டாண்டு போடு, ரெண்டு கால் அடியிலயும் ஒரே கனத்துல பிளைவுட் துண்டு வச்சா சக்கரம் உருவ இடம் தாராளமா கிடைக்கும். முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் மரக்கட்டை அடைச்சுடு. அப்புறம் ஸ்டாண்டோட ரெண்டு காலையும் சேத்து கெட்டிக் கயிறு போட்டு முன் சக்கரத்துல இழுத்துக் கட்டு, லாரில பாரம் கட்டுற பெல்ட் கிடைச்சா இன்னும் நல்லது. இது கட்டிட்டா ஸ்டாண்டு பின்னாடி மடங்கவே முடியாது. சாவியை எடுத்து உள்ள வச்சுடு. பிரேக் லாக்கை இப்போ எடுத்து விட்டுடு, பிரேக் ஷூ சக்கரத்துக்குள்ள இருக்கிற டிரம்மைக் கவ்விட்டு இருந்தா சக்கரம் வராது. அப்புறம் வண்டியைக் கையால ஆட்டிப் பாரு, மெதுவா இல்ல, நல்லா ஆட்டு. விழுறதுன்னா உன் கை உள்ள போறதுக்கு முன்னாடியே விழட்டும்.

சக்கரம் சில சமயம் ஷாஃப்ட் பல்லுல துருப்பிடிச்சு வராது. இழுத்துப் பிடுங்காத, டயரைச் சுத்திச் சுத்தி உள்ளங்கையால தட்டு, கொஞ்சம் ஸ்ப்ரே விட்டு டீ குடிச்சுட்டு வா, வரும். வந்ததும் உள்ள பிரேக் ஷூ தெரியும், கறுப்பா தூசி படிஞ்சிருக்கும், அதை வாயால ஊதாத கலா, ஈரத் துணியால தொடச்சு எடு, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட் பல்லுல லேசா கிரீஸ் தடவலாம், ஷூ மேல ஒரு சொட்டு கூட படக் கூடாது.

முன் சக்கரம்தான் யோசிச்சுப் பண்ண வேண்டியது, ஏன்னா ஸ்டாண்டு அதைத் தூக்காது. இங்கயும் ஆக்சில் நட்டை தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிடு, ஒரு பக்கம் போல்ட் தலை, இன்னொரு பக்கம் நட்டு, ரெண்டு ஸ்பேனர் வேணும். பிரேக் கேபிளையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் கழட்டி விடு, எது எங்க இருந்துச்சுன்னு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ. அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்பக்கம் கேரியர் கம்பியைப் பிடிச்சு அமுக்கினா முதல்ல ஷாக் அப்சார்பர் அமுங்கும், அப்புறம் பின் டயர் தரையைத் தொட்டு முன்பக்கம் எழும்பும். தம்பி அமுக்கிப் பிடிச்சிருக்கும்போதே சீட்டோட பின் நுனியில ஒரு மணல் சாக்கை வச்சு கேரியரோட கட்டிடு. இப்போ ஸ்டாண்டு கால் ரெண்டு, பின் டயர் ஒண்ணுன்னு வண்டிக்கு மூணு கால். ஆனா மணல் சாக்கை மட்டும் நம்பி அடியில கை விடாத, சாக்கு சரிஞ்சா முன்பக்கம் அப்படியே இறங்கிடும். அண்ணன் கார்ல இருக்கிற ஜாக்கியை வாங்கி ஃபுட்போர்டோட முன்பகுதிக்குக் கீழ வை. அங்க பாக்குற இடமெல்லாம் பிளாஸ்டிக்தான், கையை விட்டுத் தடவினா உள்ள இரும்பு பைப் தட்டுப்படும், பாரம் அதுலதான் உக்காரணும், பிளாஸ்டிக்ல வச்சா பொளந்துடும். ஜாக்கிக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு, அது மேல பழைய டியூப் வெட்டின ரப்பர், வழுக்காது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 153 மில்லிமீட்டர்தான், ஆறு இஞ்ச், அதுக்குள்ள அடங்குற ஜாக்கியா பாத்துக்கோ. சக்கரம் தரையை விட்டு ரெண்டு மூணு இஞ்ச் எழும்பினா போதும், உயரம் கூடக் கூட ஆபத்து. தூக்கினதும் ஜாக்கி பக்கத்துலயே அதே பைப்புக்கு அடியில மரக்கட்டையை அடுக்கி முட்டுக் குடுத்துடு. ஒண்ணு தப்பிச்சுப் போனாலும் இன்னொண்ணு பிடிக்கணும். இந்தத் தடவை ஸ்டாண்டைக் கட்டுற கயிறை முன் சக்கரத்துல கட்ட முடியாது, அதனால அந்த பைப்புலயே கட்டு. பின் டயருக்கு கட்டை அடைப்பும் வேணும். கேரியர்ல இருந்து ஜன்னல் கிரில்லுக்கு இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு கயிறு போட முடிஞ்சா எனக்கு இன்னும் நிம்மதி.

வண்டியைப் படுக்க வச்சுக் கழட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காத. உன் வண்டி கார்புரேட்டர் வண்டி, படுக்க வச்சா பெட்ரோல் ஒழுகும், இஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் போயிடும், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாம அழ வைக்கும். டேங்குலயும் பெட்ரோல் கொஞ்சமா இருக்கிற நாளாப் பாத்து வேலையை வச்சுக்கோ.

டயர் வாங்கும்போது 90/100-10னு கேளு, முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் அதே சைஸ்தான், டியூப்லெஸ். சைடுல நாலு இலக்க நம்பர் பாத்து வாங்கு, 3118னா 2018ல 31வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பழைய ஸ்டாக்கை உன் தலைல கட்டிடப் போறாங்க. சுத்துற திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், கடைக்காரர் மாட்டும்போது பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ. காத்து முன்னாடி 22 பிஎஸ்ஐ, பின்னாடி தனியா போனா 29, அம்மாவை ஏத்திக்கிட்டு போனா 36.

மாட்டும்போது முன் சக்கர பிரேக் தட்டுல இருக்கிற காடி, அதாவது பள்ளம், அதுக்கான முட்டுல சரியா உக்காந்திருக்கணும். இதை மறந்தா பிரேக் பிடிக்கும்போது தட்டே சுத்தி சக்கரம் லாக் ஆயிடும், கீழ தூக்கிப் போட்டுடும். நட்டைக் கையால முறுக்கிட்டு வண்டியை இறக்கி, தரையில நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு, பின் நட்டுன்னா பிடியை முன்பக்கம் நீட்டி கீழ அமுக்கினா டைட் ஆகும். நைலான் வச்ச நட்டா இருந்தா புதுசு போடு. உன்கிட்ட டார்க் ரெஞ்ச், அதான் எவ்வளவு முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர், இல்லைல, மெதுவா ஓட்டிட்டு தெருமுனை மெக்கானிக் கிட்ட போய் பின் நட்டை மட்டும் அளவு வச்சு முறுக்கிக் குடுக்கச் சொல்லு, அதுக்கு யாரும் காசு கூட வாங்க மாட்டாங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி வண்டியைத் தள்ளிட்டு நடந்து ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுப் பாரு.

வேலை பண்ற அன்னிக்கு அம்மாவை அந்தப் பக்கம் வர விடாத, கண்ணு சரியாத் தெரியாம கயிறு தடுக்கிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வேடிக்கை பாக்க வந்தாலும் தள்ளி நிக்கச் சொல்லு. தனியா மட்டும் பண்ணாதடி, தம்பி ஊர்ல இல்லைனா அவன் வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிப் போகாது.

பொங்கலுக்கு சின்னவ வந்ததும் நாங்க நாகர்கோவில் வரலாம்னு இருக்கோம், டார்க் ரெஞ்ச் கொண்டு வர்றேன், ரெண்டு சக்கரத்தையும் திரும்ப ஒரு தடவை நானே முறுக்கிப் பாத்துக்கிறேன். ஸ்டாண்டைக் கட்டினதும் முன்னாடி இருந்து ஒண்ணு சைடுல இருந்து ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்து சரின்னு சொன்ன பிறகு நட்டைக் கழட்டு.

உன்,
மீனா