தையல்காரர்களையும் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழங்கால உடைகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. எந்த அரசர், எந்தப் போர், சரிகையில் எவ்வளவு தங்கம் என்பதெல்லாம் இருந்தது. அந்தச் சட்டைகளை எப்படி வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அது இருந்தால்தானே அவரும் எழுத முடியும்?

நான் மதுரை புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவன். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம் உங்கள் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் ராத்திரி பகல் தெரியாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டை, இடுப்புக் கச்சை, குல்லாய்; சாமிக்குப் பட்டுப் பாவாடை; தேரில் தொங்கவிடும் துணித் தொம்பை. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நானும் கண் மங்கிப்போய் வீட்டில் இருக்கிறேன். ஆனால் ஒரு சட்டையைப் பார்த்தால் கை தானாக அதன் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் போகிறது. தையல்காரனுக்குத் துணியின் வெளிப்பக்கம் விளம்பரம், உள்பக்கம்தான் கணக்குப் புத்தகம்.

மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். டிக்கெட் கிடையாது. அங்கே நெல்சன் என்ற கடற்படைத் தளபதியின் கோட்டு இருக்கிறது. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் குண்டடிபட்டபோது அவர் போட்டிருந்த அதே நீல நிறக் கம்பளிக் கோட்டு. இடது தோளில், தோள்பட்டைச் சரிகைக் குஞ்சத்துக்குப் பக்கத்தில் குண்டு புகுந்த ஓட்டை தெரிகிறது. கூட்டம் எல்லாம் அந்த ஓட்டையைத்தான் பார்த்தது. நான் வலது கையைப் பார்த்தேன்.

நெல்சனுக்கு வலது கை கிடையாது. 1797இல் டெனரிஃப் தீவுச் சண்டையில் போய்விட்டது. கோட்டின் வெறும் கைத்துணி தொங்கினால் கப்பலில் கயிற்றிலும் கம்பியிலும் மாட்டும். அதனால் வலது கைநுனியில் ஒரு சின்ன வளையம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதை இழுத்து மார்புப் பக்கத்துப் பட்டனில் மாட்டிக்கொள்ளலாம். எவ்வளவு சின்ன வேலை! ஆனால் அந்த மனிதர் காலையில் எழுந்து எப்படி உடுத்தினார் என்பது அந்த ஒரு வளையத்தில் இருக்கிறது. இன்னொன்றும் பார்த்தேன். அவருக்குக் கிடைத்த நான்கு விருதுகளின் நட்சத்திரங்களை ஜிகினா வேலையில் செய்து நெஞ்சில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மார்பு மடிப்பின் ஓரத்தையும் சேர்த்து ஏறித் தைத்ததால் அந்தப் பக்கத்து மடிப்பைப் பிரிக்கவே முடியாது. அழகுக்குத்தான் மடிப்பு. நம் கல்யாணக் கோட்டுகளில் திறக்காத பாக்கெட் வைக்கிறோமே, அந்த ஜாதி.

துணியில் ரத்தக்கறையும் இருக்கிறது. அது பெரும்பாலும் நெல்சனுடையது அல்ல, அவருக்குக் கொஞ்சம் முன்னால் அதே தளத்தில் செத்த அவருடைய செயலாளர் ஜான் ஸ்காட்டின் ரத்தம் என்கிறார்கள். அந்த இடத்திலேயே நெல்சனும் விழுந்திருக்கிறார். 1845இல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 150 பவுண்டு கொடுத்து இந்தக் கோட்டை வாங்கி கிரீனிச் மருத்துவமனைக்குக் கொடுத்தார். அன்றைக்கு யாராவது நல்ல எண்ணத்தில் சலவைக்குப் போட்டிருந்தால், ஸ்காட் என்று ஒருவர் அந்தத் தளத்தில் செத்ததற்கு இந்தத் துணி சாட்சி சொல்லாமல் போயிருக்கும்.

சலவை என்றதும் நம் ஊர்ப் பக்கம் ஓர் இடத்தில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. பெயர் வேண்டாம். ஒரு ஜமீன் குடும்பத்து அங்கி, பளிச்சென்று சலவை செய்து, இஸ்திரி போட்டு, இரும்புக் கம்பி ஹேங்கரில் மாட்டியிருந்தது. தோள் இரண்டும் கம்பி முனையில் கூர்ந்து கிழியப் பார்க்கின்றன. தலைக்கு மேலே ட்யூப்லைட். பக்கத்தில் ஜன்னல், சாயங்கால வெயில் நேரே நெஞ்சில். சீட்டில் ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தது. முன்பக்கம் லேசாகத் திறந்திருந்ததால் உள்தையல் தெரிந்தது. குனிந்து பார்த்தால் மெஷின் தையல்! ஒரே சீரான இடைவெளி, மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மெஷின் தையல் கடைத்தெருவுக்கு வந்ததே 1850க்கு அப்புறம்தான். தையல் மெஷினுக்கு சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851இல். அங்கிருந்த காவலரிடம் சொன்னேன். “எழுதியிருக்கிறதைப் படிங்கய்யா” என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் வேலை.

சரி, என் பக்கமும் நியாயமாக யோசிக்கிறேன். அங்கி பழையதாகவே இருக்கலாம். லைனிங் இற்றுப்போய், பேரன் காலத்தில் பிரித்து மெஷினில் அடித்திருக்கலாம். அப்படியானால் அதையும் சீட்டில் எழுத வேண்டும். தாத்தா உடையைப் பேரன் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டான் என்பது ஜமீன் எப்படி இறங்கியது என்பதற்கு நல்ல சாட்சி. பழுதுபார்த்த இடம், ஒட்டுப் போட்ட இடம், பெரிதாக்குவதற்காக உள்ளே விட்டுவைத்த துணி, பிரித்த தையலின் பழைய ஊசித்துளை, அக்குள் வியர்வைக் கறை எல்லாம் உடுத்தியவரைப் பற்றிய தகவல். இடுப்புத் தையல் எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்று பார்த்தால், அவர் எப்போது சதை போட்டார், எப்போது இளைத்தார் என்பதுகூடத் தெரியும். சலவை செய்தால் இதில் பாதி போய்விடும். வெளிச்சம் பட்டால் மீதியும் போகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். வெளுத்த சாயமும் இற்ற பட்டும் திரும்பி வராது, எந்தப் பட்டறையாலும் திருப்ப முடியாது.

உள்ளூருக்கு வருகிறேன். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் தெரியாத மதுரைக்காரர் இருக்க மாட்டார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. டெல்லியில் ராஜ்காட் எதிரே உள்ள தேசியக் காந்தி அருங்காட்சியகத்திலும் அன்றைய வேட்டியும் சால்வையும் உண்டு. மதுரையில் அந்தத் துணியின் முன் நிற்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, நல்ல பழக்கம்.

அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது கொஞ்சம் வேறு மாதிரி. அதில் ஒரு தையல்கூட இல்லை. என் தொழிலையே வேண்டாம் என்று சொன்ன உடை அது. அந்த முடிவை அவர் எடுத்ததும் இதே ஊரில்தான். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி, 251ஏ எண் வீட்டு மாடி. அந்நியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்கக் காசில்லை என்று ரயிலில் கூட வந்த சனங்கள் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியையும் சட்டையையும் விட்டார், வேட்டியைக் குறுக்கினார். அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் முதலில் அறிவித்தார். கடைசியில் 1931இல் லண்டன் அரண்மனைக்கும் அதே கோலத்தில்தான் போனார், 1948 ஜனவரி 30 அன்றும் அதே கோலம்தான். புது உடையில் முதலில் மேடையேறிய இடம் இன்று காந்தி பொட்டல். பஸ்ஸில் போகிறவர்கள் ஸ்டாப் பெயராகத்தான் அதை அறிந்திருக்கிறார்கள்.

தையல் இல்லாவிட்டாலும் துணியில் படிக்க நிறைய இருக்கும். கையில் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். அங்குலத்துக்கு நீளவாட்டில் எத்தனை பாவு நூல், குறுக்கே எத்தனை ஊடை நூல், துணி என்ன அகலம், கரை எப்படி முடிந்திருக்கிறது என்று நான்கு வரி எழுதிவைத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரத்தக்கறையோடு சேர்த்து ராட்டையையும் பார்ப்பார்கள். இது குறையல்ல, யோசனை. தொடாமலே, நல்ல கேமராவில் பெரிதாகப் படம் எடுத்து எண்ணிவிடலாம். எண்ணிச் சொல்ல நெசவாளர்கள் பரமக்குடியிலும் சின்னாளப்பட்டியிலும் இருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். ராஜா உடை, தளபதி உடை, மகாத்மா உடை எல்லாவற்றையும் காப்பாற்ற ஆள் வருவார்கள். எங்கள் தெருவில் நடந்துபோன உடைகள்? பட்டாபட்டி டிராயர் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது சொல்லுங்கள். கோடு போட்ட காடாத் துணி, நாடா கோத்த இடுப்பு, சம்பளப் பணம் போகிற அளவுக்கு முன்னால் ஒரு பெரிய பை. வேட்டியைத் தூக்கி அந்தப் பையில் கைவிட்டுச் சில்லறை எடுக்காத பெரியவர் உண்டா? அதை வெட்டித் தைக்கத் தெரிந்தவர்களே இப்போது குறைவு. பட்டன் வைக்காமல் முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை, வெற்றிலை பாக்கோடு காசையும் முடிந்துவைத்த சுருக்குப்பை, காதைத் தோள்வரை இழுத்த பாம்படமும் தண்டட்டியும் எல்லாம் அப்படித்தான். நகை என்பதால் பாம்படத்தை உருக்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணியாகிவிட்டது. கந்தலாகிப்போனதால் யாரும் எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைக்காததால் நாளைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் அம்மாக்கள் எல்லாம் சரிகைப் பட்டில்தான் நடமாடினார்கள் என்று எழுதினாலும் எழுதுவார்கள்.

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் நம் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, சந்தோஷம். கைமுடிச்சுப் போட்ட பழைய சுங்குடிச் சேலைகள் தெற்கு மாசி வீதிப் பக்கத்து வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடைக்கும். ஒருவர் போய்க் கேட்டால் போதும். அதுவரை வைத்திருப்பவர்கள் பாலித்தீன் பையில் போட்டுக் கட்ட வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளை மல் துணியைக் கஞ்சி போக அலசி, காயவைத்து, அதில் சுற்றி வையுங்கள். பூச்சிக்கு வசம்பைத் தனியாக ஒரு துணியில் முடிந்து போடுங்கள், சேலையில் படக்கூடாது. அவ்வப்போது எடுத்து வேறு மடிப்பில் மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும், சரிகைச் சேலை என்றால் இன்னும் சீக்கிரம்.

மதுரையில் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் இதற்கென்று ஓர் அறை கேட்கிறேன். பெரிதாக வேண்டாம். ஜன்னல் இல்லாத அறையாக இருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் அப்பா தைத்த சல்லடம் ஒன்றும் குல்லாய் ஒன்றும் இருக்கின்றன. அவர் கைப்பட எழுதிய அளவு நோட்டும் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர், நேர்த்திக்கடன் எதற்கு என்பதுகூட எழுதியிருப்பார். எல்லாவற்றையும் காசு வாங்காமல் தருகிறேன். தைத்த முறையையும் சொல்லித் தருகிறேன், எழுதிக்கொள்ளட்டும். என்னைவிட மூத்தவர்கள் இன்னும் சிலர் கீழவாசல் பக்கம் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டி வருகிறேன். காலையில் வரச் சொன்னால் நல்லது, மத்தியானத்துக்கு மேல் எங்களில் பாதிப்பேருக்குக் கண் தெரியாது.

இப்படிக்கு,
புதுமண்டபத்து முன்னாள் தையல்காரர்,
மதுரை