627001

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் குரல் கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று உறையின் பின்புறம் நம் முகவரியை எழுதும்போது பின்கோடில் கை நின்றுவிட்டது. 627001. தபால் சார்ட்டிங்கில் முப்பத்திரண்டு வருடம் என் கையில் புழங்கிய எண். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும், 627 என்றால் நம் திருநெல்வேலிப் பக்கம், கடைசி மூன்றும் தபால் நிலையம். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. நீதான் ஆறாம் வகுப்பில், "இது பகா எண்ணா அப்பா?" என்று கேட்டாய். நைட் டியூட்டி முடிந்து படுத்திருந்தேன். "ஆமாம், பகா எண்தான்" என்றேன். நீல அட்டை நோட்டில் அதை எழுதி, பக்கத்தில் 'அப்பா சொன்னது' என்றும் எழுதினாய்.

நேற்று அந்த நோட்டிலேயே வகுத்துப் பார்த்தேன். 792-ஐ அதாலேயே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடும், ஆகவே 791 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும் என்று பிற்பாடு நீ சொல்லித் தந்த வழிதான். மொத்தம் 138 எண்கள். 7-க்கு நான்கு மிஞ்சியது. 19-க்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. 37-க்கு ஒன்றே ஒன்று குறைந்தது. நடுவில் கரண்ட் போய்விட்டது, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டேன். 67-க்குப் பதினைந்து. 71-க்கு மீதியே இல்லை. மறுபடியும் போட்டேன். 71-ஐ 8831-ஆல் பெருக்கினால் 627001. அந்த 8831 பகா எண்தான், அதையும் 93 வரை பார்த்துவிட்டேன்.

இருபதாவது எண்ணிலேயே வகுபட்டுவிட்டது, அம்மா. அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் உனக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

குறுக்குத்துறையில் ஆச்சி குளித்துக் கரையேறுவதற்குள் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தவள் நீ. எம்.எஸ்ஸி.யில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாய். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "நமக்கு அது சரிப்படாது" என்றேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா? அப்பா சொன்னது என்று அப்படியே எடுத்துக்கொண்டாய். மாப்பிள்ளையைப் பற்றியும் நான் இன்னும் நாலு பேரிடம் விசாரித்திருக்க வேண்டும். ஜாதகத்தையும் சம்பளத்தையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

சுக்குப்பொடி தனிப் பார்சலில் வருகிறது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. நேரத்துக்குச் சாப்பிடு. வருவதாக இருந்தால் எந்த நேர ரயிலானாலும் ஜங்ஷனில் வந்து நிற்பேன். என்ன ஏது என்று கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

நோட்டில் 71 × 8831 என்று எழுதி வைத்திருக்கிறேன். மேலே உள்ள உன் வரியை நான் அடிக்கவில்லை. நீ வந்து அடி.

அப்பா