புட்டியில் கலக்காதே, வசந்தி

அன்புள்ள வசந்தி,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது. இங்கே எல்லாரும் நலம். சாரதா டீச்சர் உன்னை விசாரித்தார். அந்தக் குடை விஷயத்தை இன்னும் மறக்கவில்லையாம்!

அவசரமாக எழுதுவதற்குக் காரணம், போன ஞாயிறு நீ போனில் கேட்டது. பேரனுக்கு 4 மாதம் முடிந்துவிட்டது, ராத்திரி தூங்குவதில்லை, பால் புட்டியில் கொஞ்சம் சீரியல், அதுதான் டப்பாவில் வரும் குழந்தைகளுக்கான தானியப் பொடி, கலந்துவிடலாமா என்றாய். நானும் பேச்சுவாக்கில் 'உம்' கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. வேண்டாம் வசந்தி. கெட்டியான பால் புரையேறும், தூக்கமும் அதிகமாகாது. மாவுச்சத்தைச் செரிக்கக் கணையம் தரும் நொதி அந்த வயதில் மிகக் குறைவு. 6 மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேள். என் பேத்தி குட்டிக்கு 6 மாதம் ஆனதும் அரிசி சீரியல் ஆரம்பித்தோம். ஆசையாகச் சாப்பிட்டாள் என்று காலையும் மாலையும் அதே டப்பா. பத்தாம் நாள் முகம் சிவக்க, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முக்கினாள். வந்தது கூழாங்கல் மாதிரி ஓர் உருண்டை. அவள் அழ, என் மகளும் கூடச் சேர்ந்து அழுதாள். அந்தப் பொடியில் நார்ச்சத்து பெயருக்குத்தான் இருந்தது. டாக்டர் ஓட்ஸுக்கு மாற்றி, பேரிக்காயை வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொன்னார். நாலு நாளில் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் தித்திக்கிறது! சில சீரியல்களில் மாவை நொதி போட்டு முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள். அது மால்டோஸ் போன்ற சர்க்கரையாகிவிடுகிறது. தாங்கள் தனியாகச் சர்க்கரை போடவில்லை என்பதுதான் அவர்கள் கணக்கு. முதல் ருசியே இனிப்பு என்றால், காய்கறியை அந்தப் பிள்ளை எப்படி விரும்பும்? இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

அதற்காக சீரியலே ஆகாது என்று சொல்ல மாட்டேன். கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து 6 மாத வாக்கில் தீர ஆரம்பிக்கிறது, தாய்ப்பாலில் அது சொற்பம். 7 முதல் 12 மாதம் வரை ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கே 8தான்! மூளை வளரும் நேரம் அது. இரும்பு சேர்த்த சீரியல் அங்கே உண்மையாகவே கைகொடுக்கும். வைட்டமின் சி உள்ள பழத்தோடு கொடுத்தால் இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும்.

குடல் சமாச்சாரம்தான் என்னை அசத்தியது. தாய்ப்பாலில் உள்ள சிறப்புச் சர்க்கரைகளைத் தின்று வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிரிகளின் ராஜாங்கம்தான் முதல் மாதங்களில். திட உணவு வந்ததும் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் வேறு கூட்டம் குடியேறுகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள்தான் குடலின் உட்சுவருக்குத் தீனி. ஒரே வெள்ளைப் பொடியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் புதுக் கூட்டம் எதைத் தின்னும்? தானியங்களை மாற்றி மாற்றிக் கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அரிசி மற்ற தானியங்களைவிட மண்ணிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை அதிகம் இழுக்கும். குழந்தைகளுக்கான அரிசி சீரியலில் அது எவ்வளவு இருக்கலாம் என்று 2020இல் அமெரிக்காவில் வரம்பே வைத்தார்கள்.

எடை ஏறவில்லை என்று சம்பந்தியம்மா கவலைப்பட்டால், வளர்ச்சி அட்டையைக் காட்டு. முதல் சில மாதங்களின் வேகம் அப்புறம் இருக்காது.

ராத்திரி அழுகையை டாக்டரிடம் சொல். திட உணவுக்குத் தயாராகிவிட்டானா என்று தெரிந்துகொள்ள, தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்து உட்காரவைத்தால் உட்காருகிறானா, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளுகிறானா என்று பார்த்துக்கொண்டே இரு. மருமகளிடம் பக்குவமாகச் சொல், பாவம், அவளும் தூக்கமில்லாமல்தானே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அதுவரை புட்டியில் பால் மட்டும்தான், சரியா?

உன்,
மீனா